நூலகர் தனக்காகப் படிப்பது எப்படி? துறை வாசிப்பை விடாமல் தொடர ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, வேதியியல் துறை ஆசிரியை ஒருவர் நூலகத்துக்கு வந்து, "சார், அந்த மின்னூல் ஒன்றுமே திறக்க மாட்டேங்குதே" என்றார். ஒரு நிறுவனத்திடம் தொடர்ந்து மூன்று வருடம் பணம் கட்டி வாங்கிய தொகுப்பு அது. நான்காம் வருடம் நிதி ஒதுக்கீடு வரவில்லை, நாங்கள் புதுப்பிக்கவில்லை. ஏற்கெனவே பணம் கட்டிய நூல்களாவது கையில் இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், நிரந்தர அணுகல் பற்றி ஒரு வரி கிடையாது. சந்தா நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஆசிரியை அந்த நூல்களை நம்பி ஒரு பருவத்துக்கான பாடத்தையே திட்டமிட்டிருந்தார்.

அந்த வாரம் உட்கார்ந்து தேடினேன். மின்வளம் வாங்கும்போது கையெழுத்துக்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்று நூலகர்கள் வருடக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. படித்திருந்தால் அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். அதிலிருந்துதான் துறை வாசிப்பை ஓய்வுநேர வேலையாகப் பார்ப்பதை விட்டேன். புதிதாக வரும் நூல்களைப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டர் எழுதுவது போல அதுவும் என் வேலை நேரத்துக்குள் வர வேண்டிய ஒன்று என்று முடிவு செய்தேன். அன்று முதல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கல்லூரி, பள்ளி, பொது நூலகங்களில் இருப்பவர்களுக்கும், சுவடி, பழைய அச்சு நூல் என்று மின்னாக்கத்தில் இருப்பவர்களுக்கும் இது உதவும்.

## 1. உங்களுக்கே ஒரு எஸ்.டி.ஐ.

நூலகவியல் படித்த யாருக்கும் எஸ்.டி.ஐ. என்ற, தகவலைத் தேர்ந்து அனுப்பும் சேவையை விளக்க வேண்டியதில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-ல் முன்வைத்த யோசனை அது. ஒவ்வொருவருக்கும் எந்தப் பொருளில் நாட்டம் என்று ஒரு ப்ரொஃபைல் எழுதி வைக்க வேண்டும். புதிதாக வரும் ஆவணங்களை அதோடு ஒப்பிட்டு, பொருந்துவதை மட்டும் அவருக்கு அனுப்ப வேண்டும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கினோம். பிறகு ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் செய்து கொடுத்தோம். தனக்கென்று ஒரு ப்ரொஃபைல் எழுதி வைத்திருக்கும் நூலகரை நான் அதிகம் பார்த்ததில்லை. வாசகருக்குச் செய்கிற சேவையை அதே ஒழுங்கோடு நமக்கும் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. மற்ற படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் இன்று உங்கள் மேசையில் இருக்கும் வேலை. இரண்டாவதில் இன்னும் இரண்டு வருடத்தில் உங்கள் மேசைக்கு வந்து சேரும் என்று நினைப்பவை. மூன்றாவதில் படிக்காமல் விடப்போகிறவை.

என் தாளில் முதல் பத்தியில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளின் சர்வர் பராமரிப்பு, மின்வள ஒப்பந்தங்கள், எங்களிடம் உள்ள பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள், ஓ.சி.ஆர்.) மூலம் தேடத்தக்கதாக்குவது என மூன்று இருக்கின்றன. இரண்டாவதில் மாணவர்கள் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், திறந்த அணுகல் (ஆய்வுகளை யாரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைப்பது) விதிமுறைகள். மூன்றாவது பத்தியை எழுதத்தான் தயக்கமாக இருந்தது. ஒரு குறிப்பிட்ட இதழில் பத்து வருடத்தில் எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை பேர் கூட்டாக எழுதினார்கள் என்று எண்ணிச் சொல்லும் ஆய்வுகளை அங்கே எழுதினேன். நம் நாட்டு நூலகவியல் இதழ்களில் இந்த வகை ஏராளம். அவை தேவைப்படுகிறவர்களுக்குத் தேவைதான், ஆனால் என் நூலகத்தில் அவற்றைப் படித்து நான் மாற்றிய காரியம் என்று எதுவும் இல்லை. இந்த மூன்றாவது பத்தி இல்லாவிட்டால் மற்ற இரண்டுக்கும் நேரம் கிடைக்காது. எழுதுங்கள்.

முதல் பத்தியில் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். தாளில் தேதி போட்டு வையுங்கள், கடைசிப் படியில் அது தேவைப்படும்.

## 2. எங்கிருந்து படிப்பது

இந்தப் படியில் நின்று நிதானமாகப் போவோம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் நாள் உற்சாகத்தில் ஐம்பது இதழ்களைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் படிக்காத தலைப்புகளைப் பார்த்து மூடிவிடுவார்கள். எட்டு முதல் பத்து ஆதாரங்கள் போதும். ஒவ்வொன்றின் குணத்தையும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

நூலகத் தொழில்நுட்பத்துக்கு ஒன்றே ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் கோட்4லிப் ஜர்னலைச் சொல்வேன். 2007 டிசம்பரில் தொடங்கியது, முழுக்க இலவசம். நூலகத்தில் நிரல் எழுதுகிறவர்கள், சர்வர் பார்க்கிறவர்கள் தாங்கள் செய்ததை எழுதுகிறார்கள். எந்த மென்பொருள், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள், எப்படி வெளியே வந்தார்கள் என்று வேலைக்காரர் பேச்சாக இருக்கும். நிரல் தெரியாதவர்களுக்கும் பாதிக்கு மேல் புரியும். பயப்பட வேண்டாம்.

அதற்கு நேர் எதிர்க்குணம் கொண்டது, 2008-ல் தொடங்கிய 'இன் த லைப்ரரி வித் த லெட் பைப்'. இங்கே கருவிகளைப் பற்றி அவ்வளவாக வராது. நூலகர் வேலையின் நியாயங்கள், யாருக்காகச் சேவை, யார் விடுபடுகிறார்கள் என்ற கேள்விகள் வரும். எழுதியவரும் மதிப்பாய்வு செய்தவரும் ஒருவரையொருவர் அறிந்தே வேலை செய்யும் திறந்த மதிப்பாய்வு முறை அவர்களுடையது. அமெரிக்கச் சூழலில் எழுதப்படுபவை அதிகம் என்பதால் எல்லாம் நமக்குப் பொருந்தாது. ஆனாலும் மாதம் ஒன்று படித்தால், தினசரி வேலையில் மறந்துபோன கேள்விகள் திரும்ப வரும்.

டிஜிட்டல் ஆய்வுக்கு டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ் குவார்ட்டர்லி இருக்கிறது. 2007 முதல் வருகிறது, இலவசம். கட்டுரைகள் நீளமானவை, எல்லாவற்றையும் தொடர வேண்டாம், தலைப்பைப் பார்த்து எடுங்கள். கையால் செய்து கற்க விரும்பினால் 'புரோகிராமிங் ஹிஸ்டாரியன்' தளத்தின் பாடங்கள் அருமையானவை. ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீஸ் மொழிகளில் இருக்கின்றன. தமிழில் நாலு பாடமாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

இந்தியாவிலிருந்து இரண்டைத் தவறவிடாதீர்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் டெசிடாக் வெளியிடும் நூலக, தகவல் தொழில்நுட்ப இதழ் ஒன்று. 1954 முதல் வரும் 'அன்னல்ஸ் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ்' இன்னொன்று. இரண்டும் இலவசமாகத் திறந்திருப்பவை. நம் ஊர் நெட்வொர்க், நம் ஊர் நிதி, நம் ஊர் வாசகர் பற்றிய கட்டுரை வேண்டுமென்றால் இங்கேதான் தேட வேண்டும்.

இதழில் அச்சேறும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஆர்க்கைவ் இருக்கிறது. 1991-ல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய முன்பதிப்புக் களஞ்சியம். அதில் கணினி அறிவியலுக்குக் கீழே 'டிஜிட்டல் நூலகங்கள்' என்று தனிப் பிரிவு உண்டு. அங்கே வருபவை மதிப்பாய்வுக்கு முந்தைய வடிவங்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தமிழ்க் கணிமையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். இதற்கென்று ஒரே இடம் இல்லை, எல்லாம் சிதறிக் கிடக்கிறது. 1997-ல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து தொடங்கும் தமிழ் இணைய மாநாடுகளின் கட்டுரைத் தொகுப்புகள் ஒரு பெரிய ஆதாரம். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டிலிருந்துதான் இன்று பலர் தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இத்துடன் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், நூலகம் நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலகம் நிறுவனம் 2005-லிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றிவருகிறது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அந்த வேலையின் எடை புரியும். ஆவணமாக்கத்தைப் பற்றி அவர்கள் எழுதுவதை நான் தனிக் கவனத்தோடு படிக்கிறேன்.

நின்றுபோன இதழ்களையும் ஒதுக்க வேண்டாம். டி-லிப் மேகசின் 1995 ஜூலையில் தொடங்கி 2017-ல் நின்றது. பழைய இதழ்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. இன்று நாம் சாதாரணமாகப் புழங்கும் டிஜிட்டல் நூலகக் கருத்துகள் பல, முதலில் எப்படி வாதிக்கப்பட்டன என்பதை அங்கே பார்க்கலாம். புதிய பொருள் ஒன்றுக்குள் நுழையும்போது முதலில் அங்கே போய் ஒரு பழைய கட்டுரையைப் படிப்பது என் வழக்கம்.

## 3. வாசிப்பு உங்களைத் தேடி வரட்டும்

ஒவ்வொரு தளமாகப் போய்ப் பார்ப்பது நடக்காத காரியம். ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானே நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். ஓடைதான் சரியான வழி. பழைய தொழில்நுட்பம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் துறை இதழ்கள் பெரும்பாலும் இன்னும் ஓடை தருகின்றன. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருளில் நடக்கும் இதழ்களின் பக்க ஓரத்தில் பெரும்பாலும் 'ஆட்டம்' (Atom), 'ஆர்.எஸ்.எஸ்.' (RSS) என்று சிறு பொத்தான்கள் இருக்கும். அந்த முகவரியை நகலெடுத்து ஓடை படிப்பானில் ஒட்டினால் வேலை முடிந்தது. பொத்தான் இல்லையென்றால், தளத்தின் முகவரியையே ஃபீட்லி, இனோரீடர் போன்றவற்றில் கொடுத்துப் பாருங்கள், ஓடை இருந்தால் அவையே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். தனிக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளுக்குள்ளேயே ஓடைகளைப் படிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கூகுள் ரீடர் என்ற ஓடை படிப்பானை நம்பி ஏராளமான நூலகர்கள் தங்கள் வாசிப்பை அமைத்திருந்தார்கள். 2013 ஜூலையில் அது மூடப்பட்டது. பிறகு படிக்கலாம் என்று சேர்த்து வைக்கும் பாக்கெட் சேவையும் 2025 ஜூலையில் நின்றது. எந்தப் படிப்பானாக இருந்தாலும், உங்கள் ஓடைப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வருடம் இரண்டு தடவை இறக்கி வையுங்கள். அந்தக் கோப்பு கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வேறு படிப்பானுக்குக் குடிபெயர்ந்துவிடலாம்.

இதழ்களுக்கு வெளியே சிதறி வருபவற்றுக்கு கூகுள் ஸ்காலர் எச்சரிக்கை. தேடல் சொல்லைக் கொடுத்து முடிவுகள் வந்ததும், பக்கத்தில் இருக்கும் அஞ்சல் உறை அடையாளத்தைச் சொடுக்கினால் புதியவை மின்னஞ்சலில் வரும். இதில் நம் கேட்லாகிங் அறிவைப் பயன்படுத்த வேண்டும். 'டிஜிட்டைசேஷன்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எஸ் போட்டு ஒரு தடவை, இசட் போட்டு ஒரு தடவை கொடுங்கள், பிரிட்டிஷ் எழுத்துமுறைக்காரர்களும் அமெரிக்கர்களும் அப்போதுதான் சேர்ந்து கிடைப்பார்கள். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். 'தமிழ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எச்சரிக்கை வைத்தால் மருத்துவம் முதல் மண்ணியல் வரை கொட்டும். 'தமிழ்' என்பதோடு 'எழுத்துணரி', 'ஓலைச்சுவடி' என்று இணைத்து ஆங்கிலத்திலும் தமிழிலும் தனித்தனியாக வையுங்கள். நாலைந்து எச்சரிக்கைக்கு மேல் வேண்டாம்.

## 4. நேரம்

வாரம் இரண்டு நாள், கதவு திறப்பதற்கு முன் இருபது நிமிடம். சனிக்கிழமை ஒரு மணி நேரம். என் கணக்கு இவ்வளவுதான். இருபது நிமிடத்தில் நான் எதையும் முழுதாகப் படிப்பதில்லை. தலைப்புகளை ஓட்டிப் பார்த்து, ப்ரொஃபைல் தாளில் உள்ளதோடு பொருந்துவதைச் சனிக்கிழமைக்கு ஒதுக்குகிறேன். மீதியை 'படித்ததாகக் குறி' என்று ஒரே சொடுக்கில் தள்ளிவிடுகிறேன். அதில் ஏதாவது நல்லது போயிருக்குமே என்று மனம் அடித்துக்கொள்ளும். உண்மையிலேயே முக்கியமானது, யாராவது மேற்கோள் காட்டி இன்னொரு தடவை கண்ணில் படும். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நாமும் வாசகர்தானே.

சனிக்கிழமை நாலு கட்டுரைக்கு மேல் ஒதுக்காதீர்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒதுக்கியும் திறக்காத கட்டுரையை நீக்கிவிடுங்கள்.

## 5. முழுக் கட்டுரை கையில் கிடைக்க

இது சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடியது. அன்பேவால் என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொள்ளுங்கள். கட்டணக் கட்டுரைப் பக்கத்தைத் திறக்கும்போது, அதன் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பச்சை நிறப் பூட்டு ஓரத்தில் தோன்றும். கூகுள் ஸ்காலரில் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பையும் பாருங்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். ஆசிரியர்களுக்கு இதை அறிவித்திருப்பீர்கள். உங்கள் சொந்த வாசிப்புக்கு ஒரு தடவையாவது அதில் உள்நுழைந்து பார்த்தீர்களா? அரசு உதவி பெறும் கல்லூரி என்றால், கல்லூரிகளுக்கு மின்வளம் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் பாருங்கள். இந்த எதிலும் கிடைக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். நான் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் அனுப்பியிருக்கிறார்கள்.

## 6. எப்படிப் படிப்பது

கணினி விஞ்ஞானி எஸ். கேசவ் 2007-ல், ஆய்வுக் கட்டுரையை மூன்று சுற்றாகப் படிக்கும் முறையை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். முதல் சுற்று ஐந்து, பத்து நிமிடம். தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை. பிறகு மேற்கோள் பட்டியலில் ஏற்கெனவே தெரிந்தவை எவை என்று ஒரு பார்வை. இரண்டாம் சுற்றில் நுணுக்கமான நிரூபணங்களை விட்டுவிட்டுப் படங்களையும் அட்டவணைகளையும் கவனித்துப் படிப்பது. மூன்றாவது சுற்றில் அந்த வேலையை நாமே மறுபடி செய்வதுபோல ஆழ்ந்து போவது. நம் வேலைக்கு முதல் சுற்றே பெரும்பாலும் போதும். வாரம் ஒன்று இரண்டாம் சுற்றுக்குப் போகும். மூன்றாம் சுற்று வருடத்துக்கு நாலு கட்டுரைக்கு வந்தால் பெரிய விஷயம்.

நூலகங்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் கட்டுரைகளுக்கு நான் இன்னொரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் அந்த நூலகத்தின் அளவைத் தேடுவேன்: எத்தனை பேர் வேலை செய்தார்கள், எவ்வளவு பணம், எத்தனை மாதம். நாற்பது பேர் கொண்ட குழு செய்ததை இரண்டு பேர் உள்ள நூலகத்துக்கு அப்படியே தூக்கி வர முடியாது. அடுத்து, அவர்கள் தோற்றுப்போன இடத்தைத் தேடுவேன். எது வேலை செய்யவில்லை என்று ஒரு வரிகூட இல்லாத கட்டுரையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கடைசியாக, இதில் பத்தில் ஒரு பங்கை நாம் செய்வதாக இருந்தால் எந்தப் பங்கு என்று கேட்டுக்கொள்வேன்.

ஓர் உதாரணம். 2023 அக்டோபர் 28 அன்று பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பு, பணயத்தொகை கேட்கும் கும்பல் ஒன்றின் தாக்குதலில் முடங்கியது. முதன்மை நூற்பட்டியல் 2024 ஜனவரி நடுவில்தான், அதுவும் தேடிப் பார்க்க மட்டும் முடிகிற அளவில், திரும்ப வந்தது. மார்ச் மாதத்தில் அந்த நூலகம், நடந்ததையும் தாங்கள் கற்றதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டது. வெளியிலிருந்து வருபவர்கள் நுழையும் ஒரு சர்வரில் இரட்டை அடையாளச் சோதனை இல்லாமல் இருந்தது, தாக்கியவர்கள் சர்வர்களையே அழித்துவிட்டுப் போனது, பழைய மென்பொருள்கள் பலவற்றை மறுபடி நிறுவவே முடியாமல் போனது என்று எல்லாம் அதில் இருக்கிறது. தன் காயத்தை மற்ற நூலகங்களுக்குப் பயன்படும்படி திறந்து காட்டிய அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். நூலகத்தில் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய அறிக்கை அது.

உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று அது, நாங்கள் இரண்டு சர்வர் வைத்திருக்கும் கல்லூரி. ஆனாலும் படித்த மறுநாள் எங்கள் பேக்கப் எங்கே போகிறது என்று பார்த்தேன். கோஹாவின் தரவு இரவுதோறும் ஒரு வெளி வன்தட்டில் பதிவாகிறது. அந்த வன்தட்டு இருபத்து நாலு மணி நேரமும் அதே சர்வரோடு இணைந்தே கிடந்தது. சர்வருக்குள் நுழைந்தவர் அதையும் சேர்த்துத்தான் அழிப்பார். இன்னொரு வன்தட்டு வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் நகலெடுத்துக் கழற்றி, முதல்வர் அறை பீரோவில் வைக்கிறோம். அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுப்ப முடியுமா என்று ஒரு பழைய கணினியில் செய்து பார்த்தோம். முதல் தடவை எழவில்லை, அந்தக் கணினியில் இருந்த கோஹா வேறு பதிப்பு. இரண்டாம் தடவை எழுந்தது. ஒரு சனிக்கிழமை வாசிப்பு இப்படித்தான் வேலையாக மாற வேண்டும்.

## 7. குறிப்பு எழுதுவது

படித்ததை எங்கே வைப்பது என்றால் ஜோட்டெரோ. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் பிறந்த இலவசத் திறமூல மென்பொருள். கட்டுரை விவரத்தை ஒரே சொடுக்கில் இழுத்துக்கொள்ளும், ஆர்.எஸ்.எஸ். ஓடைகளையும் அதற்குள்ளேயே படிக்கலாம், குழு நூலகம் அமைத்து நாலு நண்பர்கள் சேர்ந்தும் பயன்படுத்தலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால், ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு சிவப்பு எச்சரிக்கை காட்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலக் கட்டுரைக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எடுத்தால், புரியாத வாக்கியத்தை அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்வோம். தமிழில் எழுத உட்கார்ந்தால் புரியாத இடம் உடனே பல்லைக் காட்டும். என் குறிப்பு மூன்று வரிதான்: என்ன செய்தார்கள், எது நடக்கவில்லை, இங்கே என்ன மாற்றலாம். மூன்றாவது வரியில் எழுத எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுகிறேன். குறிப்புகளைத் தேடி எடுக்க உதவும் ஒட்டுச்சொற்களை (டேக்) ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். 'எழுத்துணரி' என்று ஒரு நாள், 'ஓ.சி.ஆர்.' என்று மறுநாள் போட்டால் பிறகு எதுவும் கிடைக்காது. பொருள் தலைப்புப் பட்டியலின் அருமை நமக்குத் தெரியாதா?

## 8. நம்பலாமா என்று பார்ப்பது

பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்கள் நம் நாட்டில் பெரிய நோய். அவற்றை அடையாளம் காட்ட அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் வைத்திருந்த பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் கொண்டுவந்த, தரமான இதழ்களின் கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. ஆக, இனி யாராவது பட்டியல் போட்டுத் தருவார்கள் என்று காத்திருக்காமல் நாமே பார்க்கப் பழக வேண்டும். திறந்த அணுகல் இதழ் என்றால் 2003 முதல் இயங்கும் டி.ஓ.ஏ.ஜே. அடைவில் இருக்கிறதா? ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா? ஒரு வாரத்தில் மதிப்பாய்வு முடியும் என்று உறுதி தருகிறார்களா? இந்த மூன்றே பெரும்பாலான போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி இரண்டு வார்த்தை. நீண்ட ஆங்கிலக் கட்டுரையில் முதல் சுற்றுக்கு அவை உதவுகின்றன, கடினமான பத்தியை எளிதாக்கிக் கேட்கலாம். ஆனால் அந்தச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஜோட்டெரோவில் குறிப்பு எழுதாதீர்கள். எது நடக்கவில்லை என்ற வரிதான் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகிறது. இந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைகளுக்கும் மேற்கோள் தரும். ஆய்வு மாணவர் ஒருவர் கொண்டுவந்த பட்டியலில் பன்னிரண்டில் ஐந்து கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) அதன் தளத்தில் போட்டுப் பாருங்கள். திறந்தால் மட்டும் போதாது, வரும் தலைப்பு அதேதானா என்றும் பாருங்கள், உண்மையான எண்ணில் வேறு கட்டுரை உட்கார்ந்திருக்கும்.

## 9. பகிர்வது

மாதம் ஒரு பக்கம், மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி தமிழ்க் குறிப்பு. எங்கள் உதவியாளர்களுக்கும் பக்கத்துக் கல்லூரி நூலகர்கள் சிலருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இரண்டாம் மாதத்திலேயே பதில்கள் வர ஆரம்பித்தன. ஒரு அரசுப் பள்ளி நூலகர், "அண்ணே, அந்த ஸ்கேனிங் கட்டுரையில் வெளிச்சம் எப்படி வைத்தார்கள் என்று போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். நான் அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருந்தேன். அவருக்காகத் திரும்பப் படித்ததில், எங்கள் நூலக ஜன்னலோரம் ஸ்கேனர் வைத்திருப்பதே தவறு என்று புரிந்தது. பகல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருப்பதால் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறி, எழுத்துணரி தடுமாறிக்கொண்டிருந்தது.

ஊரில் நாலு நூலகர்கள் இருந்தால் மாதம் ஒரு மாலை கூடிப் பேசுங்கள். ஒரே கட்டுரை, எல்லோரும் படித்து வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும்.

## 10. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை களை எடுப்பது

கோஹாவின் புதிய பதிப்பு வருடத்தில் மே மாதமும் நவம்பர் மாதமும் வரும். பதிப்பு எண்ணே வருடமும் மாதமுமாகத்தான் இருக்கும். அதையே நான் நினைவூட்டலாக வைத்துக்கொண்டேன். புதுப் பதிப்பின் குறிப்புகளைப் படிக்கும் அன்றே என் ஓடைப் பட்டியலையும் திறக்கிறேன். ஆறு மாதத்தில் ஒரு கட்டுரைகூடச் சனிக்கிழமைக்கு வராத ஆதாரத்தை நீக்குகிறேன். ஓ.பி.எம்.எல். கோப்பை இறக்கி வைக்கிறேன். பழைய ப்ரொஃபைல் தாளை எடுத்துப் பார்த்து, புதிதாக ஒன்று எழுதித் தேதி போட்டு அதே கோப்பில் சேர்க்கிறேன்.

கடந்த நவம்பரில் ஆறு ஆதாரங்களை நீக்கினேன், இரண்டைச் சேர்த்தேன். பழைய தாளில் இரண்டாம் பத்தியில் இருந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது முதல் பத்திக்கு வந்துவிட்டன. மின்வள ஒப்பந்தம் மட்டும் முதல் தாளிலிருந்து அதே இடத்தில் இருக்கிறது. போன மாதம் ஒரு புதிய தொகுப்புக்கான ஒப்பந்தம் மேசைக்கு வந்தது. சந்தா முடிந்த பிறகும் பணம் கட்டிய வருடங்களின் நூல்கள் திறந்திருக்க வேண்டும் என்ற வரியைச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்பினேன்.